பழைய லேப்டாப்பை ஓரங்கட்டறதுக்கு முன்னாடி அதோட ரேமை ஒரு தடவை பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல வர்ற டெக்னாலஜி பக்கத்தை நான் விடாம படிக்கிறேன். சமீபத்துல புது லேப்டாப் வாங்கறது பத்தி வந்த கட்டுரையும் நல்லாவே இருந்துச்சு, ஆனா பழைய லேப்டாப் ஸ்லோ ஆயிட்டா அதோட கதை முடிஞ்சுதுன்னு ஒரே வரியில தாண்டிப் போயிட்டாங்க, அது எனக்கு மனசு ஒப்பல. நான் திறந்து பாத்த பழைய லேப்டாப்கள்ல நிறைய மிஷின்ல ப்ராசஸர் நல்லா இருக்கும், ஸ்கிரீனும் கீபோர்டும் நல்லா இருக்கும், ரேம் மட்டும், அதாவது திறந்து வச்சிருக்கற வேலையை தற்காலிகமா வச்சுக்கற மெமரி மட்டும், வாங்கினப்ப இருந்த அதே 4 ஜிபியிலயே நின்னிருக்கும். அந்த ஒண்ணை மட்டும் கூட்டினா இன்னும் சில வருஷம் தாராளமா ஓடற மிஷினை உபயோகம் இல்லாததுன்னு ஒதுக்கறோம். அதுவும் 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் இலவச சப்போர்ட்டை நிறுத்தினதுக்கு அப்புறம் பழைய லேப்டாப்னாலே தூக்கிப் போட வேண்டியதுதான்னு ஒரு பேச்சு ஓடிட்டு இருக்கு, அதனாலதான் கொஞ்சம் விரிவாவே எழுதறேன், இடம் இருந்தா முழுசா போடுங்க.

முதல்ல லேப்டாப் ஏன் திணறுதுன்னு பாப்போம். நாம திறந்து வச்சிருக்கற ப்ரௌசர், அதுல இருக்கற ஒவ்வொரு டேப், எக்செல், வீடியோ கால் எல்லாமே ரேம்லதான் உக்காந்திருக்கும். ரேம் ரொம்பிடுச்சுன்னா கம்ப்யூட்டர் நின்னு போயிடாது, கொஞ்ச நேரமா தொடாம இருக்கறதை எடுத்து டிஸ்க்ல எழுதி வச்சுட்டு அந்த இடத்தை புதுசுக்கு குடுக்கும், அப்புறம் நீங்க பழைய டேபை க்ளிக் பண்ணினா அதை மறுபடி டிஸ்க்லேர்ந்து கொண்டு வரும். இங்கதான் எல்லா வினையும். ரேம்லேர்ந்து ஒரு விஷயத்தை எடுக்க சுமார் 100 நானோ செகண்ட் ஆகும், சுத்தற டைப் ஹார்ட் டிஸ்க்லேர்ந்து எடுக்க 10 மில்லி செகண்டுக்கு மேல ஆகும், அதாவது லட்சம் மடங்கு. ரேம்ல ஒரு செகண்ட் ஆகற வேலைன்னு வச்சுக்கிட்டா ஹார்ட் டிஸ்க்ல அது ஒரு நாளுக்கு மேல. மவுஸ் நகராம, டிஸ்க் லைட் மட்டும் விடாம மினுக்கிட்டு நாலு க்ளிக் பண்ணினதுக்கு அப்புறம் எல்லாம் ஒண்ணா திறக்குதே, பல நேரம் அதுக்கு காரணம் இதுதான். வைரஸ்னு நினைச்சு ஃபார்மேட் பண்றாங்க, பண்ணின புதுசுல நல்லா இருக்கும், ஏன்னா ப்ரோக்ராம் எதுவும் ஏறலை, எல்லாத்தையும் மறுபடி போட்டதும் பழைய குருடி கதவத் திறடிதான்.

ஆனா ஸ்லோவா இருக்கற எல்லா லேப்டாப்புக்கும் ரேம்தான் மருந்துன்னு நான் சொல்ல வரலை. ரேம்ல பாதி காலியா இருக்கும்போது மேல இன்னும் போட்டா ஒரு வித்தியாசமும் தெரியாது. அதனால வாங்கறதுக்கு முன்னாடி கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அழுத்தி டாஸ்க் மேனேஜரை திறங்க, அதுல பெர்ஃபார்மன்ஸ், அப்புறம் மெமரி. நீங்க தினமும் பண்ற வேலையை எல்லாம் திறந்து வச்சுட்டு பாக்கணும், காலி மிஷினை பாத்து பிரயோஜனம் இல்லை. 85, 90 சதவீதத்துக்கு மேலயே நிக்குதுன்னா ரேம் பத்தலை. மெமரி பாதிதான் ஆனா டிஸ்க் 100 சதவீதம்னு காட்டினா அந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி, அதாவது சுத்தற பாகம் இல்லாத வேகமான டிஸ்க், போடறதுதான் சரி. ரெண்டுமே கேக்கற லேப்டாப்தான் அதிகம், அப்படி இருந்தா எப்படியும் பின் பக்கத்தை ஒரு தடவை கழட்டப் போறோம், ரெண்டையும் சேத்தே முடிச்சுடுங்க.

அதே மெமரி பக்கத்துல கீழ ஸ்லாட்ஸ் யூஸ்டுன்னு ஒரு வரி இருக்கும், ஸ்லாட்னா ரேமை மாட்டற இடம், 2ல 1 உபயோகத்துல இருக்குன்னு காட்டும். பக்கத்துல ஃபார்ம் ஃபேக்டர்னு இருக்கற இடத்துல சோடிம்னு இருந்தா கழட்டி மாட்டற ரேம், ரோ ஆஃப் சிப்ஸ்னு இருந்தா மதர்போர்டுலயே சால்டர் பண்ணினது, அதாவது பத்த வச்சு ஒட்டினது, கழட்டி மாத்த முடியாது. சில மாடல்ல இந்த கணக்கு தப்பா வரும், இல்லாத ஸ்லாட்டை இருக்குன்னு காட்டும், அதனால உங்க மாடல் நம்பரை போட்டு கம்பெனியோட சர்வீஸ் மேனுவலை பாத்து உறுதி பண்ணிக்கிட்டு அப்புறம் வாங்குங்க.

வாங்கறதுலதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க, அதனால இதை கொஞ்சம் பொறுமையா படிக்கணும். லேப்டாப் ரேம்ல தலைமுறை இருக்கு, டிடிஆர்2க்கு 200 பின் (ஸ்லாட்ல தொடற உலோகப் பல்லு), டிடிஆர்3க்கு 204, டிடிஆர்4க்கு 260, டிடிஆர்5க்கு 262. நடுவுல ஒரு வெட்டு இருக்கும், தலைமுறைக்கு தலைமுறை அது இருக்கற இடம் மாறும், அதனால டிடிஆர்4 ரேமை டிடிஆர்3 ஸ்லாட்ல போட முடியாது, உள்ள போகலைன்னா அமுக்காதீங்க, அது வேற தலைமுறை. இது வரைக்கும் சுலபம். குழப்பம் எங்கன்னா டிடிஆர்3லயே ரெண்டு வகை இருக்கு, சாதா டிடிஆர்3 ஓடறது 1.5 வோல்ட்ல, டிடிஆர்3எல் ஓடறது 1.35 வோல்ட்ல. ரெண்டுக்கும் அதே 204 பின், வெட்டும் அதே இடம், பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஸ்லாட்ல அழகா உக்காந்துடும். ஆனா 2013ல வந்த இன்டெல் நாலாம் தலைமுறை ப்ராசஸர் இருக்கற லேப்டாப்கள் எல் வகையைத்தான் கேக்கும், சாதா ரேமை போட்டா ஆன் ஆகாம அப்படியே கறுப்பா நிக்கும், நாமளும் மதர்போர்டு போயிடுச்சுன்னு பயந்துடுவோம். மறுபக்கமா எல் வகை ரேம் 1.5 வோல்ட்லயும் ஓடற மாதிரிதான் செஞ்சிருக்காங்க, அதனால பழைய லேப்டாப்ல அதை போடலாம், பொதுவா ஓடிடும். சந்தேகம் இருந்தா எல் வகையே வாங்குங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றது இதனாலதான்.

ஸ்டிக்கர்ல இருக்கற நம்பரும் பயமுறுத்தும். பிசி3எல் 12800எஸ்னு போட்டிருக்கும், ஆனா நமக்கு 1600 மெகாஹெர்ட்ஸ் வேணும்னு சொல்லி இருப்பாங்க, ரெண்டும் ஒண்ணுதான். 1600ஐ 8ஆல பெருக்கினா 12800, அது ஒரு செகண்டுக்கு எத்தனை எம்பி போகும்ங்கற கணக்கு. அதே மாதிரி பிசி3 10600னா 1333, பிசி4 19200னா 2400, பிசி4 25600னா 3200. கடைசியில இருக்கற எஸ் லேப்டாப் சைஸ்ங்கறதை காட்டுது. வேகம் கூட இருக்கற ரேமை போட்டா பெரும்பாலும் கெடுதல் இல்லை, லேப்டாப் எவ்வளவு தாங்குமோ அந்த வேகத்துக்கு இறங்கி ஓடும், ரெண்டு வேற வேற வேகம் இருந்தா ரெண்டும் குறைஞ்ச வேகத்துக்கு வந்துடும். ஒரே கம்பெனி ரேம்தான் ரெண்டு ஸ்லாட்லயும் இருக்கணும்னு சிலர் அடிச்சு சொல்வாங்க, அப்படி கட்டாயம் ஒண்ணும் இல்லை, வகையும் வோல்டேஜும் சரியா இருந்தா பெரும்பாலும் ஒத்துப் போகும்.

எவ்வளவு வரைக்கும் போடலாம்ங்கறதை ப்ராசஸரும் அதுக்கு துணையா மதர்போர்டுல இருக்கற சிப்செட்டும்தான் முடிவு பண்ணும், நம்ம ஆசை இல்லை. கோர் 2 டுயோ காலத்து 965 சிப்செட் இருந்தா இன்டெல் சொல்ற அளவு 4 ஜிபி, 2011ல வந்த ரெண்டாம் தலைமுறை ஐ5 லேப்டாப்ல ரெண்டு ஸ்லாட் இருந்தா 16 வரைக்கும் போகும், எட்டாம் தலைமுறையில நிறைய மாடல் 32 வரைக்கும் எடுக்கும். லேப்டாப் கம்பெனியோட பக்கத்துல சில சமயம் இதைவிட கம்மியா போட்டிருப்பாங்க, ஏன்னா அந்த மாடல் வந்த சமயத்துல பெரிய ரேம் கடைக்கே வந்திருக்காது. இன்னொரு விஷயம் அனுபவஸ்தருக்கே தெரியறதில்லை, இன்டெல் நாலாம் தலைமுறை வரைக்கும் இருக்கற டிடிஆர்3 லேப்டாப்கள் 4 கிகாபிட் சிப் வரைக்கும்தான் புரிஞ்சுக்கும். 8 ஜிபி ரேம் ஒண்ணை எடுத்து பாத்தா ரெண்டு பக்கமும் சேத்து 16 சிப் (ஒவ்வொண்ணும் 4 கிகாபிட்) இருக்கறதும் உண்டு, மொத்தமே 8 சிப் (ஒவ்வொண்ணும் 8 கிகாபிட்) இருக்கறதும் உண்டு, முதல் வகைக்கு ஸ்டிக்கர்ல 2ஆர்எக்ஸ்8னு இருக்கும், பழைய லேப்டாப்புக்கு அதுதான் வேணும். ரெண்டாவது வகையை போட்டா ஆன் ஆகாது. ரேம் கெட்டுப் போச்சுன்னு கடைக்காரர்கிட்ட சண்டை போடுவாங்க, அந்த ரேம் வேற லேப்டாப்ல ஜம்முனு ஓடும்.

விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டான்னும் பாத்துக்கணும். 32 பிட்ல மொத்தமே 4 ஜிபி வரைக்கும்தான் முகவரி உண்டு, அதுலயும் கிராஃபிக்ஸ் மாதிரி மத்த உறுப்புகள் கொஞ்சம் எடுத்துக்கறதால 3லேர்ந்து மூணரை வரைக்கும்தான் கைக்கு வரும். 8 ஜிபி போட்டும் 3.2னு காட்டுதேன்னு குழம்பறவங்க இதைத்தான் பாக்கணும். 64 பிட்டுக்கு மாற விண்டோஸை புதுசா இன்ஸ்டால் பண்ணித்தான் ஆகணும், மேலோட்டமா அப்டேட் பண்ணி மாத்த முடியாது, அதனால ஃபைல் எல்லாம் வேற இடத்துல காப்பி எடுத்து வச்சுக்கங்க.

ஒரே 8 ஜிபி ரேம் போடறதை விட ரெண்டு 4 ஜிபி போடறது வேகம், இதை அழுத்திச் சொல்லணும். ரெண்டு ஸ்லாட்லயும் ரேம் இருந்தா ப்ராசஸர் ரெண்டு பாதையில ஒரே நேரத்துல பேசும், டிடிஆர்3 1600ல ஒரு பாதைன்னா செகண்டுக்கு 12.8 ஜிபி, ரெண்டுன்னா 25.6. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்ல ஸ்கிரீனுக்கு வேண்டியதும் இதே ரேம்லேர்ந்துதான் போகுது, அதனால வீடியோ, கேம் எல்லாத்துலயும் வித்தியாசம் தெரியும். ஏற்கனவே 4 இருக்கு, காலி ஸ்லாட்ல 8 போடலாமான்னு கேட்டா தாராளமா போடலாம், இன்டெல் மிஷின்ல முதல் 4ம் 4ம் சேந்து ரெண்டு பாதையில ஓடும், மிச்சம் 4 ஒரு பாதையில ஓடும், இருக்கறதை வீணாக்க வேண்டியதில்லை.

மாட்டற வேலை கை நடுங்க வேண்டிய வேலை இல்லை, ஆனா அவசரமும் கூடாது. விண்டோஸ் 10, 11ல சாதாரணமா ஷட்டவுன் குடுத்தா முழுசா அணையாது, ஷிஃப்ட்டை அழுத்திக்கிட்டே ஷட்டவுன் குடுங்க. சார்ஜரை எடுத்துடுங்க, பேட்டரி வெளிய வர்ற டைப்னா கழட்டிடுங்க, உள்ள இருக்கற டைப்னா பின் பக்கம் திறந்ததும் முதல் வேலையா பேட்டரி கனெக்டரை உருவிடுங்க, அப்புறம் பவர் பட்டனை பத்து பதினஞ்சு செகண்ட் அழுத்திப் பிடிச்சா மிச்சம் இருக்கற கரண்டும் போயிடும். பேட்டரி இருக்கறப்பவே ரேமை உருவறதுதான் நான் பாத்ததுலயே மோசமான பழக்கம், மதர்போர்டே போயிடலாம். நம்ம உடம்புல இருக்கற ஸ்டாட்டிக்கும் சிப்பை கொல்லும், அது நமக்கு உறைக்கக்கூட செய்யாது, அதனால ரேமை தொடறதுக்கு முன்னாடி பெயிண்ட் இல்லாத பெரிய இரும்பு சாமான் எதையாவது தொட்டுக்கங்க, ரேமை ஓரத்துல பிடிங்க, தங்க நிறத்துல இருக்கற பல்லை விரலால தொடாதீங்க.

ஸ்க்ரூ எல்லாம் ஒரே நீளம் இருக்காது, ஒரு பேப்பர்ல லேப்டாப் மாதிரி கட்டம் போட்டு எந்த இடத்து ஸ்க்ரூவோ அந்த இடத்துல வச்சுடுங்க, நீளமானதை தப்பான இடத்துல முறுக்கினா மேல் பக்கம் குத்திட்டு வந்துடும். சில மாடல்ல ரப்பர் காலுக்கு அடியில ஸ்க்ரூ ஒளிஞ்சிருக்கும், பழைய திங்க்பேட் சிலதுல ஒரு ஸ்லாட் கீழயும் இன்னொண்ணு கீபோர்டுக்கு அடியிலயும் இருக்கும். மூடியை நெம்ப இரும்பு ஸ்க்ரூட்ரைவர் வேண்டாம், பழைய பிளாஸ்டிக் கார்டு போதும். ரேமோட ரெண்டு ஓரத்துலயும் இருக்கற கிளிப்பை வெளிப்பக்கம் தள்ளினா ரேம் தானா சரிவா எழுந்து நிக்கும், அதே சரிவுல உருவணும், புதுசை அதே சரிவுல உள்ள விடணும், பல்லு கிட்டத்தட்ட முழுசா மறையற வரைக்கும் தள்ளி, அப்புறம் கீழ அமுக்கினா கிளிப் ரெண்டும் க்ளிக்னு பிடிச்சுக்கும். புது ரேம் போட்டும் டிஸ்ப்ளே வரலைன்னு சொல்றவங்கள்ல நிறைய பேருக்கு ரேம் அரைகுறையா உக்காந்திருக்கும், எடுத்து மறுபடி போட்டாலே சரியாயிடும். முதல் தடவை ஆன் பண்றப்ப ஸ்கிரீன் கொஞ்ச நேரம் கறுப்பா இருக்கலாம், புது ரேமோட வேகத்தை லேப்டாப் பழகிக்கற நேரம் அது, உடனே பவரை அணைக்காதீங்க.

விண்டோஸ் வந்துடுச்சு, 8 ஜிபி காட்டுதுன்னதும் மூடி வச்சுடாதீங்க. மெம்டெஸ்ட்86 பிளஸ்னு இலவச ப்ரோக்ராம் இருக்கு, பென் டிரைவ்ல போட்டு அதுலேர்ந்து பூட் பண்ணி ராத்திரி முழுக்க ஓட விடுங்க, ஒரே ஒரு எர்ரர் வந்தாலும் அந்த ரேம் வேண்டாம். பழுதான ரேம் நீல ஸ்கிரீன் மட்டும் காட்டினா பரவால்லை, சத்தமே இல்லாம நம்ம ஃபைலை கெடுத்து சேவ் பண்ணிடும், போட்டோ பாதி சாம்பலா வரும், அதுதான் பெரிய நஷ்டம். செகண்ட் ஹேண்ட் ரேம் வாங்கறவங்க இந்த டெஸ்ட்டை விடவே கூடாது, மத்தபடி ரேம்ல சுத்தற பாகம் எதுவும் இல்லை, ஹார்ட் டிஸ்க் மாதிரி தேயாது, டெஸ்ட்ல தேறிட்டா நம்பி வாங்கலாம். 2025 கடைசியில ஏஐ சர்வர்களுக்கு சிப் போறதால ரேம் விலை எல்லா இடத்துலயும் ஏறினதுக்கு அப்புறம் இந்த வழி இன்னும் முக்கியமாயிடுச்சு.

ரேம் கூட்டினதும் விண்டோஸ் 11 வந்துடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அது கேக்கற ரேம் வெறும் 4 ஜிபிதான், தடுக்கறது ப்ராசஸரும் டிபிஎம் 2.0ங்கற செக்யூரிட்டி சிப்பும். இன்டெல்ல பொதுவா எட்டாம் தலைமுறைக்கு கீழ மைக்ரோசாஃப்ட் ஒத்துக்கறதில்லை. அந்த மாதிரி லேப்டாப்புக்கு விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் மின்ட்ங்கற இலவச சிஸ்டத்தை போடலாம், 8 ஜிபி ரேமும் ஒரு எஸ்எஸ்டியும் இருந்தா ப்ரௌசர், ஆபீஸ் வேலை, பிள்ளைங்க படிப்பு எல்லாத்துக்கும் அருமையா ஓடும், செக்யூரிட்டி அப்டேட்டும் வரும்.

இப்ப உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். புது லேப்டாப் விமர்சனம் போடும்போது கேமரா, எடை, கலர் எல்லாம் எழுதறீங்க, ரேம் சால்டர் பண்ணினதா, ஸ்லாட் எத்தனை, அதிகபட்சம் எவ்வளவு போடலாம், இந்த மூணையும் சேத்து போடுங்க. 2008ல வந்த முதல் மேக்புக் ஏர்லயே ரேம் சால்டர் பண்ணித்தான் வந்துச்சு, 2012ல ரெட்டினா மேக்புக் ப்ரோவும் அப்படி ஆச்சு, இப்ப ஒல்லியான லேப்டாப்னாலே பெரும்பாலும் அப்படித்தான். கம்பெனி சொல்ற காரணத்துலயும் நியாயம் இருக்கு, எல்பிடிடிஆர் வகை ரேம் கரண்ட் கம்மியா குடிக்கும், ப்ராசஸருக்கு ஒட்டி இருக்கறதால வேகமும் அதிகம். ஆனா அதையும் கழட்டற மாதிரி செய்ய முடியும்னு காட்டிட்டாங்க, எல்பிகேம்2ங்கற வடிவத்துல 2024ல திங்க்பேட் பி1 ஏழாம் தலைமுறை வந்துச்சு, ஃப்ரேம்வொர்க்னு ஒரு கம்பெனி 2021லேர்ந்து அனேகமா எல்லா பாகமும் கழட்டி மாட்டற லேப்டாப்பை வித்துட்டு இருக்கு. பிரான்ஸ்ல 2021லேர்ந்து லேப்டாப் விக்கற இடத்துல அதை ரிப்பேர் பண்றது எவ்வளவு சுலபம்னு பத்துக்கு மார்க் போட்டு காட்டணும்னு சட்டம் வச்சிருக்காங்க. அந்த மாதிரி லேபிள் வராத இடத்துல வாசகனுக்கு இதை சொல்ல பத்திரிகையை விட்டா ஆள் இல்லை. 2022ல மட்டும் உலகத்துல 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணு கழிவு, அதுல கணக்குல வந்து முறையா மறுசுழற்சி ஆனது 22.3 சதவீதம்தான்னு ஐநா அறிக்கை சொல்லுது. 8 ஜிபி சால்டர் பண்ணின லேப்டாப் வாங்கறவர் அது பின்னாடி எப்பவும் 8 ஜிபிதான்னு தெரிஞ்சுதானே வாங்கணும்? அப்படி தெரிஞ்சா சிலர் ஆரம்பத்துலயே 16 எடுப்பாங்க, சிலர் ஸ்லாட் இருக்கற மாடலை தேடுவாங்க.

கடைசியா, கழட்டின பழைய ரேமை டிராயர்ல போட்டு மறந்துடாதீங்க. 2 ஜிபியில திணறற இன்னொருத்தர் லேப்டாப்புக்கு உங்க 4 ஜிபி பெரிய உதவி, வகையும் வோல்டேஜும் ஒத்துப் போகுதான்னு மட்டும் பாத்து குடுங்க. அதுல நம்ம பாஸ்வேர்டும் போட்டோவும் இருக்குமோன்னு பயந்து உடைச்சு போடறவங்களும் இருக்காங்க. 1966ல ஐபிஎம்ல ராபர்ட் டெனார்ட் கண்டுபிடிச்ச அந்த முறைப்படிதான் இன்னிக்கும் ரேம் வேலை செய்யுது, ஒவ்வொரு பிட்டும் குட்டி கெப்பாசிட்டர்ல இருக்கற சார்ஜ், அது கசிஞ்சுட்டே இருக்கறதால 64 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை திரும்ப நிரப்பணும், கழட்டி வச்ச கொஞ்ச நேரத்துல எல்லாம் போயிடும். அதனால ரேமை யாருக்கு வேணாலும் தயங்காம குடுங்க, ஹார்ட் டிஸ்க்கை மட்டும் முழுசா அழிக்காம குடுத்துடாதீங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்